தலைவலிக்கு வி.ஏ. இழப்பீடு: முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு

அமெரிக்கப் படையில் பணிபுரிந்துவிட்டு வெளியே வந்தவர் முழங்காலுக்குக் க்ளெய்ம் போடுவார், முதுகுக்குப் போடுவார், காதிரைச்சலுக்கும் போடுவார். தலைவலி என்று வந்தால் மட்டும் "அதுக்கெல்லாம் யாருங்க பணம் தருவாங்க" என்று விட்டுவிடுவார். தருகிறார்கள். முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.வின் மதிப்பீட்டு அட்டவணையில் ஒற்றைத் தலைவலிக்கென்றே 8100 என்ற எண் இருக்கிறது. அதன் கீழ் பாதிப்பின் அளவைக் குறிக்கும் 'ரேட்டிங்' 50 சதவீதம் வரை போகலாம்.

தமிழில் இதை எழுதக் காரணம் உண்டு. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்ட மாவ்னி திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. விசாவில் வந்தவர்கள் அந்த வழியாகப் படையில் சேர்ந்து குடியுரிமை பெற முடிந்தது. கிரீன் கார்டோடு சேர்ந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்த பிள்ளைகளும் தனி. இழப்பீட்டுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணிக்காலமும், எப்படிப்பட்ட விடுவிப்பு என்பதும்தான் கணக்கு. விடுவிப்பின்போது கொடுத்த டி.டி. 214 தாளை எடுத்துப் பாருங்கள். 'டிஸ்ஆனரபிள்' (கண்ணியமற்ற விடுவிப்பு) என்று இல்லாதவரை பெரும்பாலும் கதவு திறந்தே இருக்கும்.

முதல் வேலை: தேதியைப் பிடியுங்கள்

ஆவணம் தேடுவது, டாக்டரைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் 'இன்டென்ட் டு ஃபைல்' போடுங்கள். "நான் க்ளெய்ம் போடப்போகிறேன்" என்று வி.ஏ.விடம் பதிவு செய்வதுதான் அது. படிவ எண் 21-0966. வி.ஏ. இணையதளத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிப் பாதியில் சேமித்தாலே இது தானாகப் பதிவாகிவிடும். தொலைபேசியிலும் சொல்லலாம்.

அந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தை அனுப்ப ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. பத்து மாதம் கழித்து அனுப்பி, அதன்பின் க்ளெய்ம் ஏற்கப்பட்டால், பணம் பொதுவாக அந்தப் பழைய தேதியிலிருந்தே கணக்காகும். இதைப் போடாமல் ஆவணம் சேர்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து மாதப் பணமும் போனது போனதுதான்.

படையிலிருந்து வெளிவந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் விடுவிப்புக்கு மறுநாளிலிருந்தே கணக்கு தொடங்கும். இன்னும் பணியில் இருப்பவர்கள் வெளியேறும் தேதிக்கு 180 முதல் 90 நாள் முன்பு வரை, விடுவிப்புக்கு முன்பே விண்ணப்பிப்பதற்கான பி.டி.டி. திட்டத்தில் போடலாம். முடிந்தால் அதுதான் சிறந்த வழி. மருத்துவப் பதிவுகள் சூடாகக் கையில் இருக்கும் நேரம் அது.

எதை அளக்கிறார்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். வலி பத்துக்கு எத்தனை என்பது 8100-இல் இல்லவே இல்லை. வலி உங்களை எத்தனை முறை படுக்கையில் சாய்த்தது என்பதுதான் கேள்வி. விதியில் உள்ள சொல் 'ப்ராஸ்ட்ரேட்டிங்'. வி.ஏ.வின் உள் கையேடு இதைக் கடும் சோர்வு, செயலிழப்பு, அன்றாட வேலைகளைப் பெருமளவு செய்ய முடியாத நிலை என்று விளக்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த தலைவலி இந்தக் கணக்கில் வராது. திரையைப் போட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் படுத்த தலைவலிதான் வரும்.

கடந்த சில மாதங்களின் சராசரியாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட தாக்குதல் வந்தால் 10 சதவீதம். மாதம் ஒருமுறை என்றால் 30. மிக அடிக்கடி வந்து, முற்றிலும் படுக்க வைத்து, நீண்ட நேரம் நீடித்து, பிழைப்பையே கடுமையாகப் பாதிக்கும் அளவுக்குப் போனால் 50. இவற்றுக்கும் குறைவாக வந்தால் பூஜ்யம்.

2024 டிசம்பர் 1 முதல் அமலான பட்டியலில், தனி ஆளுக்கு 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர், 30-க்கு 537.42, 50-க்கு 1,102.04. ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப இது ஏறும். வருமான வரி கிடையாது. மொத்த ரேட்டிங் 30-ஐத் தொட்டால் மனைவி, பிள்ளைகள், நம்மை அண்டியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடும்.

பூஜ்யத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பணம் வராது, ஆனால் 'இந்தத் தலைவலி படைப்பணியால் வந்தது' என்று வி.ஏ. ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த நோய்க்கான வி.ஏ. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. நாளைக்கு மோசமானால் ரேட்டிங்கை உயர்த்தக் கேட்டால் போதும், தொடர்பை மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டாம்.

50 சதவீதத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது: "வேலைக்குப் போறவனுக்கு அது கிடைக்காது." அப்படி இல்லை. 2004-இல் பியர்ஸ் வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்க வேண்டும் என்றால் வேலையே பார்க்க முடியாத நிலை என்று பொருள் இல்லை, பாதிக்கக்கூடிய தன்மை இருந்தாலும் பொருந்தும் என்ற அளவில் அந்தத் தீர்ப்பு போகிறது. ஆகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவரும் கேட்கலாம்.

மூன்று விஷயங்கள் கோப்பில் இருக்க வேண்டும்

ஒன்று, இன்றைக்கு நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் தள்ளியவர்கள் இங்கே சிக்குவார்கள். முதலில் ஒரு டாக்டரிடம் போய் 'மைக்ரேன்' என்று எழுத்தில் வாங்குங்கள். நியூராலஜிஸ்டாக இருந்தால் நல்லது, குடும்ப டாக்டரும் போதும்.

இரண்டு, பணிக்காலத்தில் என்ன நடந்தது. குண்டுவெடிப்பில் தலை அடிபட்டது, வாகனம் கவிழ்ந்தது, முகாமில் தலைவலிக்காக 'சிக் கால்' எனும் மருத்துவப் பார்வைக்குப் போனது, எதுவானாலும் சரி. வெளியேறும்போது நிரப்பிய டி.டி. 2807-1 படிவத்தைத் தேடிப் பாருங்கள். அதில் அடிக்கடி அல்லது கடுமையான தலைவலி உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஆம்' போட்டிருந்தால் அந்த ஒரு டிக் பல பக்கம் பேசும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டவர்கள் ஏராளம். அதனால் எல்லாம் முடிந்துவிடாது. கூட இருந்தவர்களின் வாக்குமூலம் அப்போது அதிகம் தேவைப்படும்.

மூன்று, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. பேச்சுவழக்கில் நெக்ஸஸ் லெட்டர் என்பார்கள். நூறு சதவீத உறுதி தேவையில்லை. பணியால் வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பதாவது வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னால் போதும். சாட்சியம் இரு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான். ஆனால் ஒற்றை வரியில் "ஆம், தொடர்பு உண்டு" என்று எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லை. பதிவுகளைப் படித்தேன், இந்தக் காரணத்தால் இப்படிக் கருதுகிறேன் என்று விளக்கம் இருக்க வேண்டும். ஒரே மாதிரி வாசகத்தில் பணத்துக்கு அச்சடித்துத் தரும் கடிதங்களை விட, உங்களை வருடக்கணக்கில் பார்க்கும் டாக்டரின் அரைப் பக்கம் மேல் என்பது என் எண்ணம்.

இந்த மூன்றாவதற்குச் சில குறுக்கு வழிகள் சட்டத்திலேயே உண்டு. விடுவிப்புக்குப் பின் ஓர் ஆண்டுக்குள் ஒற்றைத் தலைவலி 10 சதவீத அளவுக்கு வெளிப்பட்டிருந்தால், நரம்பு மண்டல நோய் என்ற வகையில் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு இராக், குவைத், சவுதி போன்ற இடங்களில் பணிபுரிந்தவர்களுக்கு, காரணம் பிடிபடாத நாள்பட்ட தலைவலி வளைகுடாப் போர் நோய்களின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கிறது.

அப்புறம் 'செகண்டரி' வழி. ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு பாதிப்பிலிருந்து தலைவலி கிளைத்திருந்தால் அதையும் கேட்கலாம். கழுத்துக் காயம், தலைக்காயம், பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்), காதிரைச்சல் ஆகியவை அடிக்கடி சொல்லப்படுபவை. அந்தப் பாதிப்பு தலைவலியை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, இருந்ததை மோசமாக்கியிருந்தாலும் போதும். இதற்கும் டாக்டரின் காரணம் சொல்லும் கருத்து வேண்டும். பணியில் எதுவும் பதிவாகாதவர்களுக்கு நடைமுறையில் இதுவே நல்ல பாதை.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்

ஸ்கேனில் ஒற்றைத் தலைவலி தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. மாதம் எத்தனை முறை படுத்தீர்கள் என்பதற்கு உங்கள் குறிப்பை விட்டால் வேறு சாட்சி அரிது. போனில் குறித்தாலும் சரி, காலண்டரில் குறித்தாலும் சரி, அன்றன்றே எழுத வேண்டும். இப்படி:

"மார்ச் 11, செவ்வாய். மதியம் 1.40-க்கு இடது கண்ணோரம் மின்னல் மாதிரி. 2 மணிக்கு வலி. சுமாட்ரிப்டான் மாத்திரை ஒன்று. 2.30-க்கு மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு லாகவுட். இரண்டு முறை வாந்தி. இருட்டறையில் இரவு 9 வரை. பிள்ளையை ஸ்கூலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்தார். மறுநாள் காலை தலை கனம், 11 மணிக்குத்தான் வேலை."

பாருங்கள், இதில் "தாங்க முடியாத வலி" என்று எங்கும் இல்லை. ஆனால் எப்போது படுத்தார், எவ்வளவு நேரம், வேலையில் எத்தனை மணி நேரம் போனது, எல்லாம் இருக்கிறது. மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை இதோடு சேர்த்தால் இன்னும் வலு. சாதாரண தலைவலி வந்த நாள்களையும் குறியுங்கள், ஆனால் படுக்க வைத்ததைத் தனி அடையாளம் போட்டுப் பிரித்து வையுங்கள். மாதத்தில் இருபது நாள் படுத்தேன் என்று எழுதிவிட்டு அதே மாதத்தில் முழு வருகைப் பதிவு இருந்தால், கோப்பு முழுவதும் நம்பகம் போய்விடும். பொய்த் தகவல் கொடுப்பது குற்றமும்கூட.

ஐ.டி. வேலையில், அதுவும் வீட்டிலிருந்தே பார்ப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மதியம் படுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து வேலையை முடித்துவிடுவார்கள். லீவு கணக்கில் எதுவும் இருக்காது. இப்படிப்பட்டவர்கள் எஃப்.எம்.எல்.ஏ. (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்பைத் தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தப் பதிவு செய்வது நல்லது. தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு அது. டாக்டர் கையெழுத்திட்ட சான்றும் நிறுவனத்தின் பதிவும் அதில் சேர்ந்தே கிடைக்கும்.

வீட்டில் பார்த்தவர்கள் எழுதட்டும்

படிவம் 21-10210, சாட்சி வாக்குமூலத்துக்கானது. மனைவி, கணவர், அறைத் தோழர், கூடப் பணிபுரிந்தவர் யாரும் எழுதலாம். அவர்கள் டாக்டராக வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும். "என் கணவர் மிகவும் கஷ்டப்படுகிறார்" என்பதில் ஒன்றுமில்லை. "மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். குக்கர் விசில் சத்தம்கூடத் தாங்காது என்பதால் அன்றைக்குச் சமைப்பதில்லை. என் தம்பி கல்யாண வரவேற்புக்கு அவரால் வர முடியவில்லை" என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது, எளிய ஆங்கிலம் போதும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தயக்கம் உண்டு. ஆம்பளைக்குத் தலைவலி என்று எழுதிக் கொடுப்பதா என்று மாமனார் கேட்பார். கேட்கட்டும்.

விண்ணப்பம்

முக்கியப் படிவம் 21-526 ஈ.இசட். இணையத்தில் நிரப்புவதே சுலபம். தனியார் டாக்டர்களின் பதிவுகளை வி.ஏ.வே வாங்க வேண்டுமானால் 21-4142 படிவத்தில் அனுமதி கொடுங்கள், அல்லது நீங்களே வாங்கி இணையுங்கள். நீங்களே வாங்குவதுதான் வேகம். படை மருத்துவப் பதிவுகளைத் தேடித்தருவது வி.ஏ.வின் கடமை, இருந்தாலும் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்கும் இடத்தில் "மைக்ரேன், தலைவலி" என்று எழுதி, செகண்டரி என்றால் எதிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சி அண்ட் பி எக்ஸாம்

விண்ணப்பித்தபின் சி அண்ட் பி (காம்பன்சேஷன் அண்ட் பென்ஷன்) எனப்படும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். பெரும்பாலும் வி.ஏ. ஒப்பந்தம் கொடுத்த வெளி நிறுவனம்தான் நடத்தும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை வெட்டிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் காலத்தில் மட்டும் எடுங்கள். போகாமல் விட்டால் க்ளெய்ம் தள்ளுபடியாகலாம். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றுங்கள்.

இது சிகிச்சை இல்லை. மருந்து எழுத மாட்டார்கள். தலைவலிக்கான டி.பி.க்யூ. என்ற கேள்வித்தாளை நிரப்புவதுதான் அங்கே நடக்கும். அது பொதுவில் கிடைக்கிறது, முன்பே இறக்கிப் படித்துவிடுங்கள். வலி ஒரு பக்கமா இரு பக்கமா, ஒரு நாளுக்குள் அடங்குமா, இரண்டு நாளைத் தாண்டுமா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் தாங்காதா, படுக்க வைக்கும் தாக்குதல் எத்தனை மாதத்துக்கு எத்தனை, வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று போகும். ரேட்டிங்கைத் தீர்மானிக்கும் கேள்வி அந்த எண்ணிக்கைதான்.

நம் ஆட்கள் அங்கே பேசும் விதம் இப்படி இருக்கும்:

"எவ்வளவு அடிக்கடி வருகிறது?"

"அப்பப்போ வரும் சார். மாத்திரை போட்டா சமாளிச்சுடுவேன்."

முடிந்தது. டாக்டர் முன்னால் பணிவாக, குறைத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. அதே ஆள் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "மாசத்துக்கு ஏழெட்டு நாள் தலைவலி இருக்கும். அதுல மூணு தடவை எழுந்திருக்கவே முடியாது. ஆறேழு மணி நேரம் இருட்டுல படுத்திருப்பேன், வாந்தி வரும், அன்னைக்கு வேலை போச்சு. நாலு மாசமா குறிச்சு வெச்சிருக்கேன், பார்க்கிறீங்களா?" இதில் மிகை எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

உள்ளே நுழையும்போது "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். "ஃபைன்" என்று வாய் தானாகச் சொல்லும். "இன்னைக்கு வலி இல்லை, போன வெள்ளிக்கிழமை படுத்திருந்தேன்" என்பது உண்மைக்கு இன்னும் பக்கம். வழக்கமான டாக்டரிடமும் இதே கவனம் வேண்டும். "இப்போ பரவாயில்லை" என்று நீங்கள் மரியாதைக்குச் சொன்னது, தலைவலி கட்டுக்குள் இருப்பதாகப் பதிவில் ஏறிவிடும். வி.ஏ. மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அந்தக் குறிப்புகளை இணையத்தில் அவ்வப்போது படித்துப் பாருங்கள்.

பரிசோதித்தவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். வேறோர் அதிகாரி கோப்பைப் படித்து ரேட்டிங் போடுவார். பரிசோதனை ஏழு நிமிடத்தில் முடிந்தது, எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை என்றால், வீட்டுக்கு வந்தவுடன் நடந்ததைத் தேதியோடு எழுதி 21-4138 படிவத்தில் கோப்புக்கு அனுப்புங்கள்.

முடிவுக் கடிதம் வந்தபின்

முதல் பக்கத்துச் சதவீதத்தோடு நிறுத்தாமல் காரணப் பகுதியைப் படியுங்கள். ஏன் அடுத்த நிலை கிடைக்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். சதவீதங்களைச் சும்மா கூட்ட மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 50-ம் 30-ம் சேர்ந்தால் 80 இல்லை. 50 போக மிச்சமுள்ள 50-இல் 30 சதவீதம் 15, ஆக 65, அதை 70 ஆக்குவார்கள்.

ஒப்புதல் இல்லையென்றால் ஓர் ஆண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்று. புதிய ஆதாரம் கையில் இருந்தால் சப்ளிமென்டல் க்ளெய்ம், படிவம் 20-0995. ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, அதிகாரி சரியாகப் படிக்கவில்லை என்றால் ஹையர் லெவல் ரிவ்யூ, 20-0996. இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. நீதிபதி பார்க்க வேண்டுமென்றால் போர்டு அப்பீல், படிவம் 10182, அது இழுக்கும். தலைவலிக் க்ளெய்ம்கள் நெக்ஸஸ் இல்லாமலோ, எண்ணிக்கை தெளிவில்லாமலோ தோற்பது வழக்கம் என்பதால், பெரும்பாலானோருக்கு முதல் வழியே பொருந்தும்.

வேலையே பார்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள், வேலைத்திறன் இழப்புக்கான டி.டி.ஐ.யூ. என்ற ஏற்பாட்டைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அதன் வழக்கமான வாசலுக்கு ஒரே பாதிப்பு 60 சதவீதமோ, அல்லது ஒன்றாவது 40 இருந்து மொத்தம் 70-ஓ வேண்டும். தலைவலி 50-ஐத் தாண்டாது என்பதால் பொதுவாக வேறொரு பாதிப்பும் கூடவே தேவைப்படும்.

யாரிடம் உதவி கேட்பது

டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் வி.ஏ. அங்கீகரித்த பிரதிநிதிகள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. மாவட்ட அளவிலும் பல இடங்களில் இப்படிப்பட்ட அலுவலர்கள் உண்டு. 21-22 படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் உங்கள் கோப்பைப் பார்த்துப் பேசலாம். முதல் விண்ணப்பத்துக்கு வக்கீலோ ஏஜென்டோ பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. முதல் முடிவு வந்தபின்தான் வாங்கலாம். "உங்க ரேட்டிங்கை ஏத்தித் தர்றோம், ஏறின பணத்துல அஞ்சு மாசம் எங்களுக்கு" என்று வருகிறவரிடம் வி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு

ஓய்வுக்குப் பின் சென்னையிலோ கோவையிலோ குடியேறியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்ட இழப்பீடு வெளிநாட்டில் இருப்பதால் நிற்காது. ஏற்கப்பட்ட நோய்க்கு அங்கே எடுக்கும் சிகிச்சைச் செலவுக்கு ஃபாரின் மெடிக்கல் ப்ரோக்ராம் என்ற தனித் திட்டம் உண்டு. அதில் பதிவு செய்துகொண்டு, மருத்துவமனை பில்லையும் டாக்டர் குறிப்பையும் முடிந்தவரை ஆங்கிலத்தில் வாங்கி அனுப்ப வேண்டும். முகவரி மாறியதும் வி.ஏ.வில் உடனே மாற்றுங்கள். பரிசோதனைக்கான கடிதம் பழைய டல்லாஸ் வீட்டுக்குப் போய்க் கிடந்தால், நீங்கள் வரவில்லை என்றுதான் கோப்பில் பதிவாகும்.